நினைவும் பற்றும்

தம்மின் மூத்தார் இறந்தபின் அவரை நினைத்தல் உலகத்தார்க்கு இயல்பாக நிகழ்வதொன்று. அந்நினைவு சித்தாந்த நெறியில் நிற்பார்க்கு ஆவதோ, ஆகாததோ என்பதே ஈண்டு ஆராயப்புகுந்த பொருளாகும். சிறிய வினாப்போலத் தோன்றினும், சுற்றத்தாருள் ஒருவரையேனும் இழவாதார் உலகில் இலராகலின், இஃது எல்லாரையும் தொடும் வினாவேயாம்.

நினைத்தல் ஆகாதென்பார் கூறுங் காரணம் வலியுடையது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி. உயிர் அழிவில்லாதது. உடம்போ மாயையின் காரியமாய், வினைக்கீடாகக் கூட்டப்பட்டு, அவ்வினை நுகர்ந்து கழிந்தவழி நீங்குவது. தாய், தந்தை, மாமன், அத்தை என்னும் முறைகளெல்லாம் அவ்வுடம்பு பற்றி வந்தனவேயன்றி உயிர்பற்றி வந்தனவல்ல. ஓருயிர் கழித்த பிறவிகள் எண்ணிறந்தன. அப்பிறவிதோறும் அதற்கு வாய்த்த சுற்றத்தாரும் எண்ணிறந்தோர். அவருள் இப்பிறவிக்கு உரியாரை மாத்திரம் எம்மவர் என்று பிடித்துக்கொண்டு நினைந்து நினைந்து இரங்குதல், யான் எனது என்னுஞ் செருக்கின் ஒரு கூறன்றோ? நீங்குதற்குரிய பாசத்தை நினைவென்னுங் கயிற்றால் நாமே மீண்டும் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாமோ? இஃது அவர் வினா.

நினைத்தல் வேண்டுமென்பார் கூறுவதும் புறக்கணிக்கத் தக்கதன்று. தென்புலத்தார்க்கு ஆற்றுங் கடனை அறநூல்கள் இல்வாழ்வான் கடமைகளுள் ஒன்றாக வைத்தன. நன்றி மறத்தல் உய்தியில்லாக் குற்றமென்பதும் சான்றோர் துணிபு. வளர்த்தாரையும் வாழ்வித்தாரையும் உடம்பு நீங்கிய மறுநாளே மறந்துவிடுதல் துறவாகாது, அது வன்னெஞ்சமேயாம். சுற்றத்தையே மறக்கும் நெஞ்சம், கண்ணாற் காணவியலாத இறைவனை மறவாதிருக்கும் என்று யாங்ஙனம் நம்புவது? இஃது இவர் வினா.

இவ்விரண்டும் தம்முள் முரணுவனபோலத் தோன்றினும், உயிரின் இயல்பை நோக்கினார்க்கு முரண் நீங்கும். உயிர் சார்ந்ததன் வண்ணமாதலை இயல்பாக உடையது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் தான் எதனை அழுந்திப் பற்றுகின்றதோ அதுவாய் நிற்கும். நினைத்தல் என்பதும் ஒரு சார்தலே. ஆகலின், இறந்தாரை நினைத்தல் தகுமோ என்று வினாவுதலினும், இறந்தாரிடத்து எதனை நினைக்கின்றோம் என்று வினாவுதலே முறையாம். அவர்தம் உடம்பையும், உடைமையையும், அவர் நமக்கு உரியராயிருந்தமையையும் நினைப்போமாயின், சார்ந்தது பாசம், பயனும் பாசமே. அவரிடத்து விளங்கிய திருவருளின் செயலை நினைப்போமாயின், சார்ந்தது அருள், பயனும் அருளே.

இதற்குச் சான்று சேக்கிழார் பெருமான் திருவாக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய திருத்தொண்டர் புராணம் முழுதும் உடம்பு நீங்கிய அடியவர்களை நினைத்தலேயன்றி வேறென்னை? அவர் அடியவர்களைச் சுற்றம் நீக்கிக் காட்டினாரல்லர். திலகவதியாரை நாவரசரின் தமக்கையாராகவே காட்டினார். தாய் தந்தையரையும், தமக்கெனப் பேசப்பட்ட கலிப்பகையாரையும் இழந்தபின், தம்பியின்பொருட்டு உயிர் தாங்கி, திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து நின்ற அவ்வன்னையாரின் செயலிலே நம் நெஞ்சை நிறுத்தினார். உறவு மறைக்கப்படவில்லை, உறவினூடே அருள் காட்டப்பட்டது.

நூலகத்துக் கண்ட இவ்வுண்மையை வாழ்க்கையிலும் கண்டு தெளிதல் நன்றாகலின், எம் குடியில் வாழ்ந்த ஒருவரை ஈண்டு எடுத்துக்காட்டுவேம். அவர் எம் பாட்டனாரின் தங்கையார், எமக்கு அத்தைப்பாட்டி. திருவாரூர்க்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே, வெட்டாற்றை அடுத்த சிற்றூரொன்றில் அவரை மணம்செய்து கொடுத்தனர். மகப்பேறின்றி, முப்பது வயது நிரம்புதற்கு முன்னரே கணவனாரை இழந்தார். பிறந்தகத்தார் அழைத்தும் வாராது, கணவனார் விட்டுச்சென்ற ஒரு வேலி நிலத்தைத் தாமே முன்னின்று பயிர்செய்வித்து, அந்நிலத்தின் நடுவேயிருந்த களத்து வீட்டிலேயே ஐம்பதாண்டுகளுக்குமேல் வாழ்ந்து, 1986-ஆம் ஆண்டு சிவபெருமான் திருவடி சேர்ந்தார்.

அவர் எழுத்தறியார், நிலவரி ஆவணங்களில் அவர் இட்டது கைந்நாட்டே. தேவாரப் பதிகங்கள் சில, ஓதுவார் மாலைதோறும் பாடக் கேட்டுக் கேட்டு நெஞ்சிற் படிந்திருந்தன. வைகறையில் எழுந்து நீராடி, நீறணிந்து, நந்தியாவட்டை கொய்து ஊர்க் கோயிற்கு அனுப்பியபின்னரே வயலிற் கால்வைப்பார். அமாவாசையன்று ஏர் பூட்டவிடார். புதுநெல் களத்திற்கு வந்தவுடன் கோயிற்கு ஒரு மரக்கால் அளந்து ஒதுக்கி, பறவைகட்கென ஒரு கதிர்க்கொத்தைத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவார். ஈண்டுக் கூறியன நாட்டுப்புறத்தில் பலரும் செய்தனவே. சரியை என்று நூல்கள் கூறுவதை அவர் பெயரறியாது செய்தார் என்பதன்றி, இவற்றில் வியத்தற்குரியது பெரிதில்லை. வியத்தற்குரியது அவர் அந்நிலத்தைத் தமதென்று கருதாமையே.

கணவன் நிலம் முற்காலத்தில் கைம்பெண்டிர்க்கு வரையறைப்பட்ட உரிமையாகவே வந்தது. அதன் விளைவை அவர் நுகரலாம்; தக்க காரணமின்றி அதனை விற்றலும் பிறர்க்கு வழங்கலும் கூடா. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவ்வரையறையை நீக்கி, அத்தகைய நிலத்திற்கு அவரை முழுவுரிமையுடையராக்கியது. இச்செய்தியைச் சுற்றத்தார் மகிழ்ந்து உரைத்தபோது, அத்தைப்பாட்டி அதனால் தம் நடையிற் சிறிதும் வேறுபட்டாரல்லர் என்று எம் தந்தையார் கூறக் கேட்டிருக்கின்றேம். சட்டம் வருமுன்னும் அவர் காவலர்; வந்தபின்னும் காவலரே. இறைவனை உடையான் என்றும், உயிர்களை அவன் அடிமையும் உடைமையுமென்றும் கூறுதல் நம் நூல்களின் வழக்கு. தானே பிறர் உடைமையாயுள்ள ஒன்று பிறிதொன்றை உடைத்தெனல் பொருந்தாது. நூலறியாத அவர் இதனை வாழ்ந்தறிந்தார்.

1977-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், பிங்கள ஆண்டு ஐப்பசி மாதத்தில், நாகப்பட்டினத்தை அடுத்துப் பெரும்புயல் கரைகடந்தது. யாம் அப்போது ஆதீனப் பாடசாலையிற் பயிலும் மாணாக்கராயிருந்தேம். சில நாள் கழித்து அவ்வூர்க்குச் சென்றேம். கூரைகள் வீழ்ந்து கிடந்தன. சம்பாப் பயிர் நீரில் மூழ்கியிருந்தது. வீடுகளில் வைத்திருந்த நெல்லெல்லாம் நனைந்து முளைவிட்டிருந்தது. அத்தைப்பாட்டியின் களத்து வீடு மேட்டிலிருந்தமையின் தப்பியது. அவர் பத்தாயத்தைத் திறந்துவிட்டார். எக்குடியினரும் கூசாது வருதற்கேற்ற இடம் களமே என்று, களத்திலேயே உலையேற்றிக் கஞ்சி காய்ச்சச் செய்தார். தாமும் அதனையே ஒருவேளை உண்டார்.

மார்கழியில் பத்தாயம் வெறிதாயிற்று. அப்போது உத்தரத்தில் வைக்கோற்புரி சுற்றிய விதைக்கோட்டைகள் மாத்திரம் தொங்கின. அவை புரட்டாசியில் அறுத்த குருவை நெல். அவற்றை அவிழ்க்குமாறு பலரும் வேண்டினர். அவர் இசைந்தாரல்லர். அவர்தம் கொழுந்தனார் மகன் சற்றுச் சினந்தே வினவ, அவர் கூறிய விடை எம் செவியில் இன்றும் நிற்கின்றது: "வெதநெல்லு நம்மோடதில்லே தம்பி. அது வர்ற ஆனி மாசத்துது. நாம காவலுக்கு இருக்கோம், அவ்வளவுதான்."

மறுநாள் தம் பெட்டியினின்று ஒரு சிறு முடிப்பை எடுத்தார். கணவனார் கட்டிய தாலியின் பொன் அது. நாற்பதாண்டுகளாக அவர் போற்றிவைத்திருந்தது. அதனைத் திருவாரூர்க்கு அனுப்பி விற்று, நெல் வாங்கி வரச்செய்தார். தைம்மாதத்தில் எஞ்சிய சம்பா அறுவடையாகும்வரை களத்து உலை அவியவில்லை. அடுத்த வீட்டு மூதாட்டியார், "கட்டினவரு நெனப்புன்னு இருந்தது அது ஒண்ணுதானே" என்று கண்கலங்கினார். அத்தைப்பாட்டி, "அவரு நெனப்பு பொன்னுலயா இருக்கு அக்கா? அவரு இருந்தா என்ன செய்வாரோ அதைச் செய்யறதுதான் நெனப்பு" என்றார்.

ஆனி வந்தது. அத்தெருவில் உலர்ந்த விதை வேறெவரிடத்தும் இருந்திலது. கோட்டைகளை அவிழ்த்து, குத்தகைக்குச் சிறுநிலம் உழுவார் பதினொரு குடியினர்க்கு, அவரவர் நிலத்திற்குத் தக்கபடி முதலில் அளந்துகொடுத்தார். எஞ்சியது அவர்தம் நிலத்தின் பாதிக்கே போதியதாயிற்று. மறுபாதி அப்பருவம் வறிதே கிடந்தது. விளைந்தபின் அளந்த அளவே திரும்பப் பெற்றார், மிகை கொண்டாரல்லர்.

ஈண்டு ஒரு தடை நிகழும். இளையான்குடிமாற நாயனார், நள்ளிருளில் மழையிடை வந்த அடியவர்க்கு அமுதளித்தற்கு, அன்று விதைத்த நெல்லையே வாரிக்கொணர்ந்தார். கூரை வரிச்சை அறுத்து விறகாக்கினார். குழியில் நின்ற கீரையைப் பறித்துக் கறியாக்கினார். விதையையும் ஈந்த அப்பெருமானைப் போற்றும் நாம், பசித்தார்க்கு விதையை மறுத்த ஒருவரை நன்றென்றல் யாங்ஙனம் பொருந்தும்? அவர் செயல் உலோபத்தின்பாற் படாதோ?

படாது. யாங்ஙனமெனின், நாயனார் விதையைத் தொட்டது செல்வமெல்லாம் ஈந்து தீர்ந்தபின்னர். அவரிடத்து வேறொரு வழியும் எஞ்சியிலது. அத்தைப்பாட்டிக்குத் தாலிப்பொன் எஞ்சியிருந்தது. தமக்கு அரியதொன்று கையிலிருக்க அதனை மறைத்துவைத்து, எளிதாகக் கிட்டும் விதையை வழங்குதல் ஈகைபோற் காட்டிப் பற்றைக் காத்தலேயாம். அதுவன்றியும், நாயனார் விதையை இழந்தமையின் இழப்பு அவர்க்கும் அவர்தம் மனைவியார்க்குமே உரியது. ஈண்டோ அவ்விதையே பதினொரு குடியின் மறுபருவ உணவு. தமதை ஈதல் வண்மை. பிறரதை ஈதல் வண்மையாகாது. கேட்டார் உணவையே அவர் கேட்டாரிடமிருந்து காத்தார். பொன்னும் தீர்ந்து, உயிர் போமென்னும் நிலை வந்திருப்பின், அவ்விதையும் உலையிலேயே வீழ்ந்திருக்கும். உயிர் போனபின் விதைப்பார் யார்? ஆகவே, ஒருவர் விதையை ஈந்தார், ஒருவர் விதையைக் காத்தார் என்பது செயலளவில் வேற்றுமை. எனதென்பது அற்ற இடத்தில் நிகழ்ந்தமையின் இரண்டும் ஒருநெறிப்பட்டனவே. நாயன்மாரோடு ஒப்பிடுதல் எம் கருத்தன்று. பெருஞ்சுடரின் ஒளி சிற்றகலிலும் ஒளியே என்பது காட்டற்கு இது கூறினாம். செயலின் வடிவை மாத்திரம் நோக்கி அறத்தை அளப்பார் இடர்ப்படுவர். செய்வார் நெஞ்சில் உடைமைப் பற்று நின்றதோ, நீங்கியதோ என்று நோக்குவார் இடர்ப்படார்.

இனி, முதற்கண் எழுப்பிய வினாவிற்கு மீள்வோம். அதற்கு விடையை அத்தைப்பாட்டி தம் வாயாலேயே கூறிவிட்டார். கணவனாரை நாற்பதாண்டு நினைந்திருந்தவர் அவர். அந்நினைவு பொன்னைப் பற்றியதாயின், பொன் பெட்டியில் இருந்திருக்கும். களத்தில் உலை அவிந்திருக்கும். அவர் நினைவு கணவனாரின் ஈரநெஞ்சைப் பற்றியது. ஆகலின் பொன் நீங்கவும் நினைவு நீங்கவில்லை. பொன் நீங்கிய அன்றே அந்நினைவு முழுமையெய்தியது என்றலே சாலும். பற்று ஒரு பொருளைக் கைவிடாது காத்தலால் இறந்தாரை இருத்திவைக்க முயலும். அன்பு அவர் செய்வதைத் தான் செய்தலால் அவரை வாழவைக்கும். முன்னையது துன்பத்திற்கு வித்து. பின்னையது இறைபணி நிற்றலுக்குப் படி.

அவர்தம் உயிர் இப்போது யாண்டுளது என்று ஆராய்தல் நம் வேலையன்று. அதனை அறிவான் உடையான் ஒருவனே. அவ்வுயிர்க்கு யாம் இனிப் பேரனல்லேம். எமக்கு அஃது அத்தைப்பாட்டியும் அன்று. அம்முறை உடம்போடு கழிந்தது. அம்முறை வாயிலாக எமக்குக் காட்டப்பட்ட அருட்செயலோ கழியவில்லை. பாடசாலையில் ஆணவத்தின் இலக்கணத்தை யாம் நூல்வழிப் பயின்றேம். அது நீங்கியவழி ஒருவர் கை எவ்வாறு நெல்லளக்கும் என்பதை அக்களத்திலேதான் கண்டேம். திருவருள் நமக்கு அறிவுறுத்தத் தேர்ந்துகொள்ளும் வாயில்களுள் சுற்றமும் ஒன்று. வாயிலை வணங்குதல் அதன்வழி வந்த அருளை வணங்குதலேயாம்.

ஆகவே, அன்பர்களே, நும் இல்லங்களில் இறந்தாரை நினைக்கும் நாள் வருங்கால் படத்திற்கு மாலை சாத்துவதோடும், படையலிடுவதோடும் அமைந்துவிடற்க. அவர் செய்த நற்செயல் ஒன்றைத் தேர்ந்து, பெயர்த்திக்கும் பேரனுக்கும் எடுத்துச் சொல்லுக. அன்றைக்கு அச்செயலை நும் கையால் ஒருமுறை செய்க. அவர் பசித்தார்க்கு அட்டாராயின் அடுக. அலகிட்டாராயின் கோயிலை அலகிடுக. காவல் காத்தாராயின் நும்மிடத்து வைக்கப்பட்டதை உரியார்க்கென்று காத்து நிற்க. அங்ஙனம் நினைத்தல் பற்றாகாது. கடனும், பற்றறுக்கும் பயிற்சியும் அதுவேயாம் என்க.

திருச்சிற்றம்பலம்.