பதினேழு வயதின் மேல் ஒரு பழி

பிளஸ் டூ முடிவுகள் வந்த நாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை ஒரு குற்றச்சாட்டு ஆண்டுதோறும் தவறாமல் எழும். எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே ஓடினால் பாலம் கட்டுவது யார், இயந்திரம் செய்வது யார், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்பார்கள். சொல்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், தொழிலதிபர்கள், சில சமயம் கல்வியாளர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எந்தப் பிரிவில் படிக்கிறார்கள் என்று கேட்பது நாகரிகம் அல்ல. ஆகவே அதை விட்டுவிட்டு, குற்றச்சாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. சம்பளத்தைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது இழிவு என்பது ஒன்று. ஊருக்கு வேண்டியதை விட்டுத் தனக்கு வேண்டியதை எடுப்பது தவறு என்பது மற்றொன்று. முதலாவதைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். இரண்டாவதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, கலந்தாய்வு நாட்களில் ஒரு தாலுகா ஊரின் பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். கணக்குக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200க்குக் கட்ஆஃப். நுழைவுத் தேர்வை 2007இல் தமிழ்நாடு கைவிட்ட பிறகு இந்த எண்ணை வைத்துத்தான் தரவரிசை. பையன் நாற்காலியில் இருக்கிறான். பின்னால் நிற்கும் அப்பாவின் கையில் போன வருஷத்துக் கட்ஆஃப் பட்டியலின் ஜெராக்ஸ். “காலேஜ் பார்க்கிறதா, குரூப் பார்க்கிறதாண்ணே?” என்கிறார் சென்டர்காரர். “முதல்ல சிஎஸ் எல்லாத்தையும் போடுங்க தம்பி. அப்புறம் ஐடி, ஏஐ. கடைசியா இசிஇ.” சிவில் படித்தவர் காலையில் எழுந்து எங்கே போவார், உலோகவியல் படித்தவர் எதைக் கையில் எடுத்து வேலை செய்வார் என்று பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் அந்தப் பையனுக்கு யாரும் சொன்னதில்லை. சில நாட்களுக்குள் சாய்ஸ் ஃபில்லிங் முடிந்தாக வேண்டும். தனக்குக் காட்டப்படாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று ஒருவனைக் குற்றம் சொல்ல எந்த அறமும் இடம் தராது.

சம்பளத்தைப் பார்ப்பதும் அப்படித்தான். பிடித்ததைப் படி என்ற அறிவுரை, சொந்த வீடு உள்ளவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கப் போகிற ஒருவனுக்குக் கல்விக் கடனின் தவணை எப்போது தொடங்கும் என்பது படிக்கும்போதே தெரியும். அவனுக்குச் சம்பளம் என்பது கூரை, தங்கையின் படிப்பு, அம்மாவின் வைத்தியம். நாமக்கல்லை அடுத்த மோகனூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் படித்து, திருச்சி ஆர்இசியில் எம்சிஏ முடித்த சந்திரசேகரன் டிசிஎஸ்ஸின் தலைமைக்கு வந்தார். 2017இல் டாடா சன்ஸின் தலைவரானார். அந்த உயரம் லட்சத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் அதே கதவு வழியாக நுழைந்து, அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாமலே சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கிய பிள்ளைகள் ஒன்றிரண்டு பேராவது இன்று ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்த்து அந்த வழியில் போவது பேராசை ஆகாது.

பெண்களின் விஷயத்தில் இந்தப் பழி இன்னும் பொருந்தாது. பெண்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று 1974இல் டாடா குழுமத்தின் டெல்கோ விளம்பரம் கொடுத்தது. அதைக் கண்டித்து ஜே.ஆர்.டி. டாடாவுக்குத் தபாலட்டை எழுதிய சுதா மூர்த்திதான் பிறகு அங்கே முதல் பெண் பொறியாளராகச் சேர்ந்தார். இரவு ஏழு மணிக்கு மேல் தொழிற்சாலையில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது 2000ஆம் ஆண்டில்தான். தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்ததும் அதே ஆண்டு. ஒரு பக்கம் நீதிமன்றம் போய்த் திறக்க வேண்டிய கதவு. மறு பக்கம் அலுவலக வண்டி வீட்டு வாசலுக்கே வருகிறது. கழிப்பறைகூட இல்லாத கட்டுமான சைட்டுகள் இன்றும் இருக்கையில், மகள் சிவில் எடுக்கவில்லையே என்று வருத்தப்படுவது வெறும் பாவனை.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. ஐஐடி பம்பாயின் கணினி அறிவியல் இடங்கள், பொதுப் பிரிவில், நாட்டின் முதல் எழுபது தரவரிசைக்குள்ளேயே தீர்ந்துவிடுகின்றன. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் இன்று முதலில் நிரம்புவது கணினிப் பிரிவு. இவை வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரிகள். அப்படியானால் அங்கே படிப்பவனுக்கு ஊருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் ஒன்று உண்டா இல்லையா? உண்டு என்றே சொல்ல வேண்டும். சிக்கலான ஒரு சூழ்நிலையும் இருக்கிறது. கிண்டியின் பெயருக்காகச் சிவிலோ சுரங்கவியலோ எடுத்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் கோடிங் கற்று, ஐடி கம்பெனிக்குப் போகிறவன். அரை மதிப்பெண் குறைந்து வெளியே நின்ற இன்னொருவன் அந்தச் சிவில் இடத்தை உண்மையிலேயே விரும்பியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இங்கே ஒருவனுக்கு நஷ்டம் நேர்ந்திருக்கிறது. குற்றம் சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடம் இதுதான்.

ஆனால் கலந்தாய்வு அவனிடம் கேட்டது மதிப்பெண்ணை மட்டும். விருப்பத்தையும் கேட்கலாமே என்றால், விருப்பத்துக்கும் கோச்சிங் சென்டர் திறந்துவிடுவார்கள். மருத்துவ மேற்படிப்பில் அரசு இத்தனை ஆண்டு எங்களிடம் பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்குகிறது. சேரும்போதே தெரிந்து கையெழுத்திடுவதால் அதை மீறுபவரைக் கேட்க உரிமை உண்டு. பொறியியலில் அப்படி யாரும் கேட்கவில்லை. முன்கூட்டிச் சொல்லாத நிபந்தனையைப் பிறகு காட்டி ஒருவனை நன்றிகெட்டவன் என்பது நேர்மை இல்லை. இன்னொன்றும் உண்டு. சுந்தர் பிச்சை கரக்பூரில் படித்தது உலோகவியல். சத்யா நாதெள்ளா மணிபாலில் படித்தது மின் பொறியியல். உலோகத்துக்கும் மின்சாரத்துக்கும் இவர்கள் துரோகம் செய்தார்கள் என்று எவரும் எழுதியதில்லை; பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறோம். ஜெயித்தவனுக்கு மாலை, அதே பாதையில் மாதம் முப்பதாயிரத்துக்குப் போகிறவனுக்கு வசவு என்பது என்ன நியாயம்?

ஊருக்குச் சிவிலும் மெக்கானிக்கலும் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. வேண்டும் என்று சொல்பவர்கள் அதற்கு என்ன தருகிறார்கள் என்பதே கேள்வி. கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேரும் பட்டதாரி, வெயிலில் நின்று கம்பி எண்ணி, கான்கிரீட் கொட்டும் இரவில் விழித்திருந்து, பல இடங்களில் ஆரம்பத்தில் வாங்குவது அனுபவமுள்ள கொத்தனாரின் கூலியைவிடக் குறைவு. கொத்தனாரின் கூலி அதிகம் என்று இதற்குப் பொருள் இல்லை. சிவில், மெக்கானிக்கல் போன்ற கோர் துறைகளில் நல்ல ஆள் கிடைப்பதில்லை என்று புலம்பும் முதலாளி, தான் கொடுக்கும் சம்பளத்தை அதே மேடையில் சொல்லட்டும். பாதிப் புலம்பல் தானாக அடங்கும். சம்பளம் மட்டுமா? ஐஐடி கான்பூரில் சிவில் படித்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடக்கும் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு துறைகளுக்குள் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று வழக்கு முடிந்தது. ஆயினும் நேர்மையான ஒரு பொறியாளர் கேட்ட மிகச் சிறிய பாதுகாப்பைக்கூட அரசு தரவில்லை என்பது நிற்கிறது. பாலம் கட்ட ஆள் வேண்டும் என்ற அழைப்பை இளைஞர்கள் ஏன் நம்பவில்லை என்று வியப்பதற்கு எதுவும் இல்லை.

பழியின் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. சிவில் பிரிவு நடத்த சர்வே கருவிகள் வேண்டும், கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் வேண்டும். மெக்கானிக்கலுக்கு லேத், ஃபவுண்ட்ரி. கணினிப் பிரிவுக்கு ஏசி போட்ட ஒரு லேப் போதும் என்று பல தாளாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரு பிரிவில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பைத் தரமான கல்லூரிகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2024இல் நீக்கியது. இடங்கள் பெருகின. ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஒரே ஆசிரியரை ஒரே காலத்தில் பல கல்லூரிகள் முழுநேர ஆசிரியர் என்று கணக்குக் காட்டியிருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேட்டை ஒப்புக்கொண்டு விசாரணையில் இறங்கியது. நன்கொடை வாங்கத் தடை போட்டு 1992இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மேனேஜ்மென்ட் கோட்டா சிஎஸ் சீட்டுக்கு ரசீது இல்லாமல் எவ்வளவு கைமாறுகிறது என்பதை டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

அதைவிடக் கூச்சமில்லாத காரியம் ஒன்று உண்டு. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளக்ஸில் ஒரு மாணவியின் சிரித்த முகம், பக்கத்தில் ‘ஹையஸ்ட் பேக்கேஜ்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகை. அந்தத் தொகை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த மாணவி அதை வாங்கியும் இருக்கலாம். அவளோடு படித்த மற்றவர்களில் வேலை கிடைத்தோர் பலர் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிச் சேர்ந்தார்கள் என்பதும், பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் அந்த ஆரம்பச் சம்பளம் பத்தாண்டுகளாக அதிகம் நகரவில்லை என்பதும் ஃபிளக்ஸில் இல்லை. வள்ளுவர் வாய்மைக்குத் தீங்கின்மையை அளவுகோலாக வைத்தார். அந்த அளவில் நிறுத்திப் பார்த்தால், கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்க்க வருகிறவரை வளைக்கும் இந்த உண்மை வாய்மையாகத் தேறாது.

பெற்றோர் பக்கமும் ஒரு தவறு உண்டு. பட்டினி பயத்தில் சிஎஸ் எடுக்கச் சொல்லும் தகப்பனைப் பற்றி அல்ல. இரண்டு வீடும் பென்ஷனும் இருந்தும், கல்யாண மண்டபத்தில் சொல்ல நன்றாக இருக்கும் என்பதற்காக, மோட்டாரைப் பிரித்துப் போட்டு விளையாடும் பையனைக் கணினி முன் உட்கார வைப்பவரைப் பற்றி. அவருக்குத் தேவை என்ற சாக்கு இல்லை. அந்தப் பையனின் நாற்பது வருட உழைப்பு அவருடைய பெருமைக்கான செலவாகக் கூடாது. மேலும், அவர் நம்பும் நிச்சயமும் இப்போது ஆட்டம் காண்கிறது. 2025இல் டிசிஎஸ் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. புதிதாகச் சேர்பவனுக்குக் கொடுத்துப் பழக்கும் எளிய நிரல்களை எழுத இயந்திரமே வந்துவிட்டது.

ஆகவே பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, கல்லூரிகளைக் கேள்வி கேளுங்கள். அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி, தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்பதெல்லாம் இருக்கும். ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலும் இருக்கும். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். சிஎஸ் துறையில் அந்தப் பட்டியலிலுள்ள ஆசிரியர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் கேளுங்கள்.