உடையும் உடையானும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதனவாக எண்ணப்படுவன உணவும் உடையும் உறையுளுமாம். இவற்றுள் உணவு எல்லாவுயிர்க்கும் பொது. உறையுளும் பறவைக்கும் எறும்பிற்கும் உண்டு. உடையொன்றே மக்கட்குச் சிறப்பாக உரியது. உடம்பைக் காத்தற்கும் நாணத்தைக் காத்தற்குமாக ஏற்பட்ட அது, நாளடைவில் செல்வத்தையும் குடியையும் பதவியையும் பிறர்க்கு அறிவிக்கும் பறையாயிற்று. திருவிழாவிற்கும் திருமணத்திற்கும் மாத்திரம் புத்தாடை கொண்ட குடியிற் பிறந்தோர், இந்நாளிற் கையிலுள்ள பேசியைத் தொட்ட அளவில் ஆடையை வீட்டுவாயிலில் வருவித்துக் கொள்கின்றனர்; வந்தது கிழியுமுன்னே அதனைக் கழித்தும் விடுகின்றனர். ஆகலின், உடையைக் குறித்துச் சைவ நன்மக்கள் கொள்ளத்தக்க கருத்து யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

‘உயிர் உடம்பின் வேறாயது; உடையோ அவ்வுடம்பிற்கும் புறம்பாயது; ஆதலால் எதனை உடுப்பினும் ஒன்றே; இதனை ஆராய்தல் வீண்’ என்பார் ஒரு சாரார். அற்றன்று. உடை புறப்பொருளேயாயின், சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யடியார் திருவேடத்தை ஆலயத்தோடு ஒப்பவைத்து அரனெனத் தொழுமாறு விதித்தது என்னை? மெய்ப்பொருள் நாயனார், தம்மைக் கொல்ல வந்த முத்தநாதன் பூண்ட வேடத்தையும் மெய்யெனக் கொண்டு, வாளோங்கிய தத்தனைத் தடுத்து, அப்பகைவன் ஊறின்றி நகர் கடக்கச் செய்வித்தது என்னை?

இனி, ‘வேடமே பொருள், அதனைப் பூண்ட அளவிற் பூண்டானுக்குப் பெருமை உண்டு’ என்பார் மற்றொரு சாரார். அதுவும் பொருந்தாது. அவ்வொரு வேடமே மெய்ப்பொருளார்க்கு வீடு பயந்தது. முத்தநாதனுக்கோ பயந்தது பழியன்றிப் பிறிதில்லை. திருவேடம் காண்பார் கருத்தை உடுத்தானிடத்தில் நிறுத்தாது இறைவன்பாற் செலுத்துதலின் தொழப்படுவதாயிற்று. அவ்வாறன்றி, ‘என்னைக் காண்மின்’ என்று உடுத்தானையே சுட்டி நிற்கும் உடை, காவியேயாயினும் பட்டேயாயினும், செருக்கின் கருவியேயாம். எனவே, உடையின் உயர்வு தாழ்வு நூலிலும் நிறத்திலும் இல்லை. அஃது எதனைச் சுட்டுகின்றது என்பதிலேயே உளது என்க.

இங்ஙனம் உடுத்தல்பற்றிக் கூறியது போலவே, கொள்ளுதல்பற்றியும் ஆராய்தற்பாலது. கடையிற் பொருள் வாங்குவோரை இக்காலத்தார் ‘நுகர்வோர்’ என்னும் பெயரான் வழங்குகின்றனர். இச்சொல்லை யாக்கினோர் எக்கருத்தான் ஆக்கினரோ, நம் நூல்வழக்கோடு அது பெரிதும் பொருந்துகின்றது. நுகர்ச்சியாவது முன்செய்த வினையின் பயனை உயிர் துய்த்தல். துய்க்குங்கால் ‘யான்’ ‘எனது’ என்னும் முனைப்பு எழுமாயின், துய்ப்பு முடிவதற்குள் ஆகாமியமாகிய புதுவினை ஏறிவிடும் என்பது சித்தாந்தத் துணிபு. ஓராடையை விலைகொடுத்துக் கொள்வான், தன் பிராரத்தத்தின் பயனை நுகர்வதனோடு அமையாது, அவ்வாடை தன் கை சேர்ந்த வழியிற் பிறர்க்கு நேர்ந்த இன்ப துன்பங்களினும் பங்கு கொள்கின்றான். விலையைக் கொடுத்துவிட்டமையாற் கணக்குத் தீர்ந்ததென்று எண்ணுதல் வணிகக் கணக்கேயன்றி வினைக்கணக்கு ஆகாது.

இவ்வுண்மையைப் பொருள்நூல் வழியிற் கண்டுரைத்தார் ஒருவர் நம் பாண்டிநாட்டில் வாழ்ந்தனர். மதுரையைச் சார்ந்த திருமங்கலத்தினின்றும் இராசபாளையஞ் செல்லும் பெருவழியில் உள்ளது டி. கல்லுப்பட்டி. பருத்தி விளையும் கரிசல் நிலஞ் சூழ்ந்த அவ்வூரில், 1940-ஆம் ஆண்டில் காந்தி நிகேதன் ஆசிரமம் நிறுவப்பெற்றது. அங்கே தம் இறுதிக்காலத்தைக் கழித்தவர் தஞ்சையில் 1892-ஆம் ஆண்டிற் பிறந்த ஜே. சி. குமரப்பா. அவர் இலண்டனிற் கணக்காய்வு பயின்று, அமெரிக்காவிற் பொருள்நூல் கற்று, மேனாட்டார் உடையிலேயே வாழ்ந்தவர். 1929-ஆம் ஆண்டிற் காந்தியடிகளைக் கண்டபின் கதருடை பூண்டார். அவர் சமயத்தாற் கிறித்தவர். ஆயினும் மெய்ம்மை எவர் வாயிற் பிறப்பினும் கொள்ளத்தக்கதே. சிறையிலிருந்தபோது அவரெழுதிய நிலைத்த பொருளியல் பற்றிய நூலுக்குக் காந்தியடிகள் 1945-இல் முன்னுரை அளித்தனர். பிறரைச் சுரண்டி வாழும் ஒட்டுண்ணி வாழ்வு முதலாகப் பயன் கருதாத தொண்டு வாழ்வு ஈறாகப் பொருள்வாழ்வை ஐவகையாக அந்நூல் பகுத்துரைக்கின்றது. ஒரு பொருளை வாங்குவான், அது செய்யப்பட்ட முறைக்கும் பொறுப்புடையனாவான் என்பதும் அவர் வற்புறுத்திய கருத்து. 1960 சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தனர்.

காந்தியடிகள் உடை மாறியதும் இம்மதுரையிலேயே என்பது யாவரும் அறிந்தது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், மேலமாசி வீதியில் தங்கியிருந்த அவர், கதர் வாங்கவும் பொருளில்லா ஏழையரை எண்ணி, முழங்காலளவான சிறு துணியொன்றை உடுத்து வெளிப்போந்தனர். அக்டோபர் முடியுமளவும் எனத் தொடங்கிய அந்நோன்பு உயிருள்ளளவும் நீண்டது. 1931-இல் இலண்டனில் அரசரைக் கண்டபோதும் அதனை அவர் மாற்றிற்றிலர். எளிய உடையும் செருக்கிற்கு ஏதுவாதல் கூடும். ‘யான் துறந்தேன்’ என்னும் எண்ணம் பட்டினும் மினுக்குடையது. ஆயின், அவருடை தம் துறவைக் காட்டாது பிறர் இல்லாமையைச் சுட்டி நின்றமையின் அக்குற்றம் அதற்கு இன்றாயிற்று.

குமரப்பா உரைத்ததற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. திருப்பூரிற் பின்னலாடைகட்குச் சாயமூட்டிய நீர் நொய்யலாற்றிற் கலந்தது. பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. உழவர் நிலமும் கிணறும் கெட்டன. 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடுமாறு பணித்தது. வங்காள தேசத்து டாக்கா நகர்ப்புறத்தில் 2013 ஏப்ரல் 24-ஆம் நாள் ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த ‘ராணா பிளாசா’ என்னுங் கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அவர் தைத்த ஆடையைக் குறைந்த விலைக்குக் கொண்டு மகிழ்ந்தோர் ‘எமக்கென்ன’ என்றல் அமையுமோ?

‘அற்றேல், ஆடை கொள்வோர் குறைந்தால் நெய்வோரும் தைப்போரும் எங்ஙனம் பிழைப்பர்?’ எனின், கூறுதும். நம் சமயம் தொழிலையும் வாணிகத்தையும் வெறுத்ததன்று. காம்பீலிச் சாலியராகிய நேச நாயனார் அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்தளித்தே வீடு பெற்றனர். திருக்குறிப்புத்தொண்டர் அடியார் ஆடையை ஒலித்தே பேறெய்தினர். பழையாறை வணிகரான அமர்நீதியாரோ, தம்பால் அடைக்கலமாக வைத்த கோவணம் ஒன்று மறைந்துபோக, அதற்கு ஈடாகத் தம் ஆடைகளும் பொன்னும் அனைத்தையும் துலையில் இட்டும் தட்டு நேராமையின், மனைவியோடும் மைந்தனோடும் தாமும் ஏறினர். பிறர் பொருட்டுத் தம்மிடம் வந்ததொரு துணிக்கு விலை தாமே எனக் கண்ட உள்ளம் அது. இம்மூவர்பாலும் உடை இறைபணிக்கு வாயிலாயிற்றேயன்றித் தன்முனைப்பிற்கு வாயிலாகவில்லை. ஒன்றை வாங்கி நெடுநாள் உடுப்பான், நெய்தவனுக்கு உரிய கூலியைக் குறைக்க வேண்டுவதில்லை. பத்தினை வாங்கி எறிவானே விலைக்குறைவை நாடி அவன் வயிற்றில் அடிக்கின்றான்.

மடங்களிலும் குருபூசை நாட்களில் அடியார்க்கு ஆடை வழங்கும் மரபு உண்டு. அவ்வாடைகளை விலைக்குறைவு ஒன்றே நோக்கி மொத்தமாக வாங்காது, நெய்வோர் இன்னாரென அறியப்பட்ட கைத்தறிகளினின்றும் உரிய விலைக்குக் கொள்வாராயின், அஃது ஏற்போர்க்கு உடையும் நெய்வோர்க்கு உணவும் ஆகும். பூசையும் குறைவற நிறைவுறும். தொகை சிறிது மிகுமாயின் எண்ணிக்கையைக் குறைத்தலும் தகும். குறையாத அறம் குறைந்த எண்ணிக்கையால் இழுக்குறாது.

உடை என்னுஞ் சொல்லொடு உடைமை, உடையான் என்பனவும் ஓரினமாக ஒலிக்கின்றன. உயிர் தனக்கு உடைமையென்று பற்றுவன பல. தானே ஓருடையானுக்கு உடைமை என்பதை அது மறந்துவிடுகின்றது. யான் உடுத்தேன், என் பொருளாற் கொண்டேன் என்னும் இரண்டினையும் விடுத்து, உடுப்பதும் கொடுப்பதும் அவன் பணியெனக் கொள்வார்க்கு ஒரு முழத் துணியும் திருவேடத்தின் பாற்படும். இதனை அன்பர்கள் உய்த்துணர்ந்து ஒழுகுவாராக.