இன்னொரு பெயருக்குப் பக்கத்தில்

2011-இல் பார்சிலோனாவின் லா மாசியா கால்பந்துப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தபோது டகேஃபுசா குபோவுக்குப் பத்து வயது. கவாசாகியிலிருந்து போன பையன். சீக்கிரமே ‘ஜப்பானிய மெஸ்ஸி’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். தாத்தா பெயரைச் சுமக்கும் பேரனின் நிலைதான்: எது செய்தாலும் அவரோடு ஒட்டிப் பார்ப்பார்கள்.

*

வயது வராத வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று பார்சிலோனாவை ஃபிஃபா தண்டித்தது. பையன் 2015-இல் ஊர் திரும்பினான். அடுத்த ஆண்டு நவம்பரில் எஃப்சி டோக்கியோ சார்பில் ஜே3 லீக்கில் இறங்கியபோது வயது பதினைந்து. ஜே லீக்கில் அதுவரை அத்தனை சிறிய வயதில் எவரும் ஆடியதில்லை. அன்று விழுந்த கைதட்டலில் வயதுக்கு எவ்வளவு, ஆட்டத்துக்கு எவ்வளவு?

*

2019-இல் ரியல் மாட்ரிட் வாங்கியது. ஆனால் அந்தச் சட்டையில் ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. மயோர்க்கா, வில்லாரியல், கெடாஃபே, மறுபடி மயோர்க்கா என்று இரவல் வீரராகவே சுற்றினார். புகழ் மாட்ரிட்டில் இருந்தது, ஆள் வேறு ஊர்களில் மாற்று வீரர்களின் பெஞ்சில் காத்திருந்தார்.

*

டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் மூன்று ஆட்டங்களிலும் கோல் அடித்தார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மெக்சிகோவிடம் ஜப்பான் 1–3 என்று தோற்றது. சைதாமா மைதானத்தில் புல்தரையில் விழுந்து அழுதார். கொரோனா காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. நாடே அறிந்த இளைஞன், சுற்றிலும் காலி நாற்காலிகள்.

*

2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டம். இடைவேளையில் ஜப்பான் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. குபோவை வெளியே எடுத்து ரிட்சு டோவானை இறக்கினார்கள். சில நிமிடங்களில் டோவான் கோல் அடித்தார். அடுத்து, எல்லைக்கோட்டின் விளிம்பிலிருந்து மிட்டோமா மீட்டுக் கொடுத்த பந்தை டனாகா கோலாக்கினார். ஜப்பான் வென்றது. மறுநாள் எல்லோர் வாயிலும் மிட்டோமா. அவரும் குபோவைப் போலக் கவாசாகி கிளப்பின் சிறுவர் அணியில் வளர்ந்தவர்தான். யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசையை ஒரே இரவு கலைத்துப் போட்டுவிடுகிறது. ஒதானியின் பேஸ்பாலைக் கொண்டாடும் நாட்டில் அந்த வரிசையின் முதலிடம் எப்படியும் கால்பந்துக்குக் கிடைப்பதில்லை.

*

அந்த ஆண்டு கோடையிலேயே குபோ ரியல் சோசியதாத் போயிருந்தார். முதல் பருவத்தில் லா லிகாவில் 9 கோல்கள். அணிக்கு நான்காம் இடம். வலது ஓரத்தில் பந்தைக் காலடியில் நிறுத்துவார். தடுப்பவரின் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு கணம் பார்ப்பார். பிறகு இடது காலால் பந்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடுவார்.

அந்த ஒரு கணத்தில் மெஸ்ஸியும் மிட்டோமாவும் ஒதானியும் நினைவுக்கு வருவதில்லை. எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கும் அதே கதிதான்: அவர் கவலையெல்லாம் இந்த இடது காலைப் பற்றி.