பக்கிரிசாமி என்றொரு பெயர்

பெயர் என்பது ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் குறி என்பர். ஆனால் வாழ்க்கையில் பெயர் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. பெற்றோரின் ஆசையை அது சொல்லும். குலதெய்வத்தின் ஊரைச் சொல்லும். சிலவேளைகளில் ஒரு குடும்பம் பட்ட கடனையும் சொல்லும். ஒரு பெயரைத் தொடர்ந்து வைப்பதும் விட்டுவிடுவதும் அந்தந்த வீட்டாரின் விருப்பம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் அதனுள் ஓர் அறவினா அடங்கியுள்ளது. முன்னோர் நன்றியோடு ஏற்றுக்கொண்ட ஒரு பெயரை, அதன் பொருள் நமக்குக் கூச்சம் தருகிறது என்பதற்காக நீக்கிவிடலாமா? இவ்வினாவை என்னுள் எழுப்பிய பெயர் பக்கிரிசாமி.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இப்பெயர் ஒரு காலத்தில் அரிதன்று. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடும்போது, முனியாண்டி, குப்பன், மாரிமுத்து என்னும் பெயர்களுக்கு நடுவே பக்கிரி என்பதும் ஒலிக்கும். இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு அதனை வைப்பார் இல்லை. அதனை மறையச் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

1970-களில், இம்மாநிலத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். பிள்ளைக்குப் பெயர் பதிய வேண்டுமென்று ஒரு தந்தை என்னிடம் வந்தார். அவருடன் வந்திருந்த அவருடைய தாயார், "பக்கிரிசாமின்னு எழுதுங்க வாத்தியாரய்யா" என்றார். நானோ தனித்தமிழ் ஆர்வத்தில் திளைத்திருந்த காலம் அது. "பாட்டி, இதில் முன்பாதி அரபு, பின்பாதி வடமொழி. தமிழ் எங்கே இருக்கிறது? பொருளோ பிச்சைக்காரன் என்பது. படிக்கப்போகிற பிள்ளைக்கு இந்தப் பெயர் வேண்டுமா?" என்றேன். தந்தைக்கு என் பேச்சுப் பிடித்துவிட்டது. அழகிய தமிழ்ப்பெயர் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். புறப்படும்போது அந்த மூதாட்டி சொன்னது இதுதான்: "பேரு நல்லாயிருக்குதா இல்லியான்னு நான் கேக்கல வாத்தியாரய்யா. வாங்கின கடனுக்குப் பேரு அது."

அன்று நான் கூறிய காரணங்கள் இரண்டு. பெயர் தமிழன்று என்பது ஒன்று. பொருள் இழிவானது என்பது மற்றொன்று. இரண்டையும் ஆராய்ந்து பார்ப்பது என் கடமையாகிறது.

முதற்காரணத்தைக் காண்போம். 'ஃபகீர்' என்பது அரபுச் சொல். ஏழை, தேவையுடையவன் என்பது அதன் பொருள். முதுகெலும்பைக் குறிக்கும் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தி, பாரம் தாங்காமல் முதுகு முறிந்தவன் என விளக்கும் அகராதி மரபும் அரபு மொழியில் உண்டு. இச்சொல் தமிழகத்துக்கு வந்தபோது தமிழில் இல்லாத ஒலியை இழந்து பகர முதலாயிற்று. இசுலாமியத் தமிழர் பக்கீர் என்றனர். இந்துத் தமிழர் பக்கிரி என்றனர். வடசொல் தமிழில் வருங்கால் தன் எழுத்தை விட்டுத் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. அந்நெறி அறியாத உழவர் மக்களே அரபுச் சொல்லையும் அந்நெறிப்படி தமிழாக்கிக்கொண்டனர்.

இந்துக்களின் வீட்டுக்கு இச்சொல் எவ்வாறு வந்தது? இதற்கு விடை காண நாகூருக்குச் செல்ல வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூஃபி ஞானி சாகுல் ஹமீது அங்கே அடங்கியிருக்கிறார். வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து நாகூரில் நிலைகொண்ட அவரை, இரு சமயத்தாரும் நாகூர் ஆண்டவர் என்றே அழைக்கின்றனர். அந்தத் தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி உயரமுடையது. அதனைக் கட்டுவித்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங், அவர் இந்து. அரசன் மினாரா எழுப்பினான். ஏழை தன் பிள்ளைக்குப் பெயர் வைத்தான். பிறந்த குழந்தைகள் தங்காமல் இறந்தால், தாய் நாகூர் ஆண்டவரிடம் நேர்ந்துகொள்வாள். அடுத்த குழந்தை பிழைத்தால் நாகூரான் என்றோ பக்கிரி என்றோ பெயரிடுவாள். அக்குழந்தை தான் பெற்றதன்று, இரந்து பெற்றது என்று உலகுக்கு அறிவிக்கும் பெயர் அது.

இப்பெயர் ஏழைக் குடிசைகளில் மட்டும் வழங்கியது என்றும் எண்ண வேண்டா. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நாகசுர உலகில் புகழோடு விளங்கியவர் மன்னார்குடி சின்னப்பக்கிரி. கோயிலின் மங்கல இசையை வாசித்தவர் அரபுச் சொல்லைப் பெயராகத் தாங்கியிருந்தார். அதனால் எந்தத் தெய்வத்துக்கும் குறை நேர்ந்ததாகத் தெரியவில்லை.

இனி, இப்பெயர் கடல் கடந்த வரலாறு. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய துறைமுகங்களுள் நாகப்பட்டினம் முதன்மையானது. நாகூர் அதன் அண்டை ஊர். 1907-இல் குடியேற்ற நிதி ஏற்பட்ட பின்னர் தோட்டத் தொழிலாளரின் வருகை பெருகியது. 1938-இல் இந்திய அரசு அதனைத் தடைசெய்யும்வரை கங்காணிகள் அழைத்து வந்தவருள் தஞ்சை மாவட்டத்தார் பலர். 1926 முதல் 1973 வரை ரஜூலா என்னும் கப்பல் இவ்வழியில் ஓடியது. நாகூர் ஆண்டவர்மீது கொண்ட பற்று அதற்கும் நெடுங்காலம் முன்பே கடல் கடந்துவிட்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாகூர் தர்காவின் பெயரால் நினைவிடங்கள் எழுந்தன. ஊரிலிருந்து பெட்டி படுக்கை கொண்டுவர இயலாதவன்கூடப் பெயரைக் கொண்டுவந்தான். தோட்டத்துப் பதிவேட்டில் கிராணி அதனைப் பலவாறு எழுதினார். எழுத்துகள் மாறினவேயன்றிப் பெயர் மாறவில்லை. ஆகவே, இது தமிழ்ப்பெயர் அன்று என்று நான் கூறியது அரை உண்மையே. சொல் அரபு, அதனைப் பெயராக்கிய நம்பிக்கையும் நன்றியும் தமிழரின் சொத்து.

இரண்டாம் காரணம் இதனினும் கடினமானது. பிச்சைக்காரன் எனப் பிள்ளைக்குப் பெயரிடுவது முறையா?

சமயங்கள் இச்சொல்லை எவ்வாறு நோக்குகின்றன என்று முதலில் காண்போம். திருக்குர்ஆனின் 35-ஆம் அத்தியாயம் மனிதர் அனைவரையும் இறைவன்முன் தேவையுடையோர் என்று குறிக்கும்போது இச்சொல்லின் பன்மையையே வழங்குகிறது. 9-ஆம் அத்தியாயம் சக்காத் பெறத் தக்காரை எட்டு வகையாகக் கூறும்போது முதலில் நிற்பவர் ஃபகீர், அடுத்து நிற்பவர் மிஸ்கீன். இவ்விரு சொற்களும் இணைந்தே 'ஃபகீர் மிஸ்கின்' என்று மலாய் மொழியில் ஏழைமக்களைக் குறிக்கின்றன. நம் சமயத்திலும் சிவபெருமானுக்குப் பிட்சாடனர் என்றொரு கோலம் உண்டு. ஓடேந்தி இரந்து திரிந்தவனையே தஞ்சைச் சிற்பிகள் செம்பில் வார்த்து வணங்கினர். பக்கிரியோடு சாமி என்னும் சொல்லைச் சேர்த்த நம் மக்கள், ஏதுமற்றவன் என்பதையும் உடையவன் என்பதையும் ஒரே பெயரில் இணைத்துவிட்டனர்.

அரசியல் வரலாற்றிலும் இதற்கொரு சான்று உண்டு. 1931-இல் வின்ஸ்டன் சர்ச்சில் காந்தியடிகளை அரைகுறை ஆடையணிந்த பக்கிரி என இகழ்ந்தார். காந்தியடிகள் 1944-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், அப்படி ஆவதற்கே தாம் நெடுநாளாக முயன்று வருவதாகவும், எண்ணாமல் கூறியதாயினும் அச்சொல்லைப் பாராட்டாகவே கொள்வதாகவும் குறிப்பிட்டார். கூறியவர் வாயில் இழிவாக இருந்த சொல், ஏற்றவர் வாழ்வில் பெருமையாயிற்று.

எனினும், இவ்வளவோடு வழக்கை முடித்துவிடுவது நேர்மையாகாது. காந்தியடிகள் வறுமையைத் தேர்ந்துகொண்டவர். தோட்டத்துப் பக்கிரி அதனைத் தேர்ந்துகொள்ளவில்லை. காண்டா வாளி சுமந்து தோள் காய்த்தவனுக்கு முதுகு முறிந்தவன் என்னும் பொருள் உவமையன்று. நாள்தோறும் பட்ட பாடு. வள்ளுவரும் துறவை ஓர் அதிகாரத்தில் போற்றிவிட்டு, நல்குரவு, இரவச்சம் என்னும் அதிகாரங்களை வேறாக வகுத்தார். விரும்பி ஏற்ற எளிமை வேறு, வந்து சேர்ந்த வறுமை வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். குப்பன், பிச்சை, பக்கிரி எனத் தம்மைத் தாழ்த்தும் பெயர்களையே தாங்கி வந்த மக்கள், 1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்த பின்னரும், தமிழவேள் கோ. சாரங்கபாணி போன்றோர் சீர்திருத்தம் பரப்பிய பின்னரும், நிமிர்ந்து நிற்கும் பெயர்களை நாடியது இயல்பே, நல்லதுங்கூட. பிள்ளைக்கு அன்பழகன் என்று பெயரிட்ட தொழிலாளி தன் தலைமுறையின் கூனலை நிமிர்த்த முயன்றான். அதனைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை.

அப்படியாயின் நான் செய்த தவறு யாது? பெயரை மாற்றியது தவறன்று. காரணத்தைக் கேளாமல் மாற்றியதே தவறு. அகராதியில் பொருள் பார்த்தேன். அந்த மூதாட்டியிடம் பொருள் கேட்கவில்லை. ஒரு சொல்லின் பொருளை அகராதி கூறும். ஒரு பெயரின் பொருளை அதனை இட்டவரே கூற முடியும். 2006-இல் தேசியப் பதிவுத் துறை விரும்பத்தகாத பெயர்களைப் பட்டியலிட்டபோது கருப்புசாமி என்பதும் அதில் இடம்பெற்றதாகச் செய்திகள் வந்தன. நம்மில் பலர் மனம் வருந்தினோம். நிறத்தைக் கண்ட அலுவலர் காவல்தெய்வத்தைக் காணவில்லையே என்றோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததும் அதுவே என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இன்று நம் பிள்ளைகளின் பெயர்கள் எப்படியிருக்கின்றன? எண்கணிதம் பார்த்து, எழுத்தைக் கூட்டியும் குறைத்தும், பொருள் யாதெனப் பெற்றோரும் கூற இயலாத ஒலிகளைச் சூட்டுகிறோம். பக்கிரிசாமி தமிழன்று என விலக்கிய நாம், எம்மொழியிலும் இல்லாத பெயர்களை ஏற்றுக்கொண்டோம். கடனைச் சொன்ன பெயர் போயிற்று. எதையும் சொல்லாத பெயர் வந்தது.

நான் பெயர் எழுதிக் கொடுத்த பிள்ளை வளர்ந்து, படித்து, பட்டணத்தில் வேலையில் அமர்ந்தான். தோட்டம் விற்கப்பட்டு வீடுகள் எழுந்தன. பல ஆண்டுகளுக்குப் பின், தன் பாட்டியின் கருமாதி அழைப்பிதழைத் தமிழில் எழுதித் தருமாறு அவன் என்னிடம் வந்தான். எழுதி முடித்ததும் அவன் கேட்டான்: "சார், பாட்டி கடைசி வரைக்கும் என்னைப் பக்கிரின்னே கூப்பிட்டாங்க. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?" அவனுக்கு முன் பிறந்த இரு குழந்தைகள் இறந்ததையும் பாட்டி நாகூருக்கு நேர்ந்துகொண்டதையும் அவனுடைய தந்தை எனக்குப் பின்னாளில் கூறியிருந்தார், மகனுக்குக் கூறவில்லை. நான் கூறினேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அழைப்பிதழில் தன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பக்கிரி' என்று சேர்க்கச் சொன்னான். பதிவேட்டில் நான் எழுதவொட்டாமல் செய்த பெயரை அன்று என் கையாலேயே எழுதினேன்.

இப்பெயரை மீண்டும் பிள்ளைகளுக்கு வைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. பெயர்களுக்கும் காலம் உண்டு, உதிர்வது இயற்கை. ஆனால் உதிர்வதற்குமுன் அதன் கதையைக் கேட்டு வைத்துக்கொள்வது நம் கடன். ஆசிரியர்கள் மாணவரிடம் ஒரு சிறு பணியைக் கொடுக்கலாம். தாத்தா, பாட்டியின் பெயர் யாது, அதனை யார் இட்டார், ஏன் இட்டார் எனக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். வறுமையில் பிறந்தோம் என்பது இழிவன்று. பிறர் வாசலில் நின்று ஓர் உயிரைக் கேட்டுப் பெற்றோம் என்பதும் இழிவன்று. பெற்றதை மறப்பதே இழிவு.