கேளாத நெஞ்சம்

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றிருக்க, இளவரசர் இங்கிலாந்தை ஆண்டுவந்த காலம். 1815 டிசம்பரில் ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவல் வெளிவந்தது. ஹைபரி என்னும் சிற்றூரின் செல்வமகள் எம்மா, பெற்றோர் யாரென்று அறியாத தோழி ஹாரியட்டின் வாழ்வைத் தானே வகுக்க முனைகிறாள். அவளை விரும்பிய உழவர் மார்ட்டினை மறுக்கச் செய்கிறாள். ஊர்க்குரு எல்டனை மணக்கலாம் என ஆசை வளர்க்கிறாள். கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவு, விருந்து முடிந்து வண்டியில் திரும்புகையில், எல்டன் எம்மாவிடமே தம் காதலைக் கூறுகிறார். மறுநாள் பனியால் ஆலயத்திற்கும் செல்ல இயலாது, அவள் தன் மனச்சான்றோடு வீட்டிலேயே இருக்கிறாள்.

பிறர் நலம் நாடுவது குற்றமா? அன்று. அவர்தம் நெஞ்சைக் கேளாது முடிவு செய்வதே குற்றம். மீட்பளிக்க வந்த இறைவனும் மரியாவின் இசைவுக்காகக் காத்திருந்தார் அன்றோ! பீடத்தின்முன் மணமக்களின் சம்மதத்தைக் கேட்கும் நாமோ, அதற்கு முன்பே அவர்களுக்காக முடிவெடுத்துவிட்ட வேளைகளும் உண்டு.

பனி உருகியதும் எம்மா ஹாரியட்டிடம் சென்று தன் பிழையை ஒப்புக்கொள்கிறாள். ஹாரியட் அழுகிறாள், பழி கூறவில்லை. இறுதியில் அவள் மணப்பது மார்ட்டினையே. அவளது நெஞ்சம் முதலிலேயே சொன்ன விடை அது. கேட்கத்தான் ஆளில்லை.