செவ்வரளியும் ஒரு ஆட்டுக்குட்டியும்



போன கார்த்திகை மாசம் நடந்ததை இப்பத்தான் எழுதுறேன். இவ்வளவு நாள் தைரியம் வரல, அவ்வளவுதான்.

எங்க வீட்டு காம்பவுண்டு ஓரமா செவ்வரளி மூணு செடி நிக்குது. செவ்வாய்க்கிழமை, கிருத்திகை, சஷ்டின்னா அதுல பறிச்சுக் கட்டுற மாலைதான் வீட்டு வேலவனுக்கு. திருக்கார்த்திகைக்கு முந்தின வாரம், கிளை கரண்டு ஒயரைத் தொடுதேன்னு செடியைக் கவாத்து பண்ணேன். வெட்டினதை பின்பக்கச் சுவருக்கு வெளியே தள்ளிட்டு வேலைக்குக் கிளம்பிட்டேன். அரளியை ஆடு மாடு மேயாதுன்னு ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே? ஹைவே நடுவுல வரிசையா அரளி வெச்சிருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

செடி பச்சையா நிக்கிற வரைக்கும் அந்தப் பேச்சு பெரும்பாலும் சரி. கசப்புக்கு ஆடு மோந்து பார்த்துட்டு நகர்ந்துடும். ஆனா வெட்டிப் போட்டு வாடின இலையில கசப்பு அவ்வளவா தெரியாது. விஷம் மட்டும் அப்படியே இருக்கும். இதயத்துடிப்பையே தாறுமாறாக்குற விஷம் அது.

மூணாம் நாள் காலையில பின்வீட்டு அக்கா அழுற சத்தம் கேட்டு ஓடினேன். அவங்க வெள்ளாட்டுக் குட்டி நிக்க முடியாம தள்ளாடி விழுந்து கிடந்துச்சு. கால்நடை டாக்டர் வர்றதுக்குள்ள போயிடுச்சு. பொங்கலுக்கு அதை வித்து வீட்டு ஓடு மாத்தணும்னு இருந்தாங்க.

"முருகன் குடுத்தான், அவனே எடுத்துக்கிட்டான் தம்பி" அப்படின்னாங்க. நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே சுவரோரம் என் கண்ணு போயிடுச்சு. நான் போட்ட கிளையில பாதி இலை இல்லாம வெறும் குச்சியா கிடந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் பொறுக்கி, குழி தோண்டிப் புதைச்சேன். எரிச்சா புகையும் ஆகாது. புதைச்சுட்டு வந்து முருகன் படத்து முன்னாடி உட்கார்ந்தா, அதே செவ்வரளி மாலை தொங்குது. முதல்ல கோபம் அவன் மேலதான் வந்துச்சு. உனக்கு ஏம்ப்பா இந்த மாதிரி பூவா பிடிக்குது?

யோசிச்சுப் பாருங்க, செங்காந்தளும் அப்படித்தான். வண்டுகூட அண்டாத காந்தள்ல கட்டின கண்ணியை முருகன் தலையில சூடியிருக்கிறதா திருமுருகாற்றுப்படை சொல்லுது. நம்ம மாநில மலரும் அதுதான். அதோட கிழங்கை வள்ளிக்கிழங்குன்னு நினைச்சுத் தின்னு உயிர் விட்டவங்க உண்டு. அதே செடியை மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்குன்னு விதைக்காகவே பயிர் பண்றாங்க. அந்த விதையில இருந்து எடுக்கிற கொல்கிசின், கவுட் மூட்டுவலிக்கு மருந்து. அளவு கொஞ்சம் தப்பினா அதே மருந்து ஆளைக் கொல்லும். பூ தன் குணத்தை யார்கிட்டயும் மறைக்கல. எங்க அமுச்சி அரளி பறிச்சா கையைக் கழுவாம எதையும் தொடமாட்டாங்க, பிள்ளைங்க வாயில வெச்சா முதுகுல ஒண்ணு வைப்பாங்க. எனக்கும் தெரியாம இல்ல. தெரிஞ்சதை அன்னிக்கு நினைச்சுப் பார்க்கல.

2024 மே மாசம் கேரளாவுல திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளி சேர்க்க வேண்டாம்னு முடிவு பண்ணுச்சு. பூஜைக்குத் தடை இல்லை. சிலர் இதை சாமி பூவுக்கே அவமரியாதைன்னு பேசினாங்க. எனக்கு அப்படித் தோணல. சாமி பாதத்துல கிடக்கிறதுக்கு ஒண்ணும் ஆகல. அங்கிருந்து நம்ம கைக்கும் வாய்க்கும் வர்ற வழியைத்தான் அடைச்சாங்க. நம்ம கோயில்கள்லயும் பஞ்சாமிர்தத் தட்டுல அரளி கிடந்தா எடுத்துடுங்க, குழந்தைங்க சாப்பிடுற தட்டு அது.

ஆனா என்னை அரிச்சது பூ இல்ல, அக்கா சொன்ன வார்த்தை. எல்லாம் அவன் செயல்னு பறிகொடுத்தவங்க சொன்னா அது பக்தி. அதுக்கு நான் தலையாட்டினது என்ன? என் கணக்கை அவன் பேர்ல எழுதிட்டேன். நீ வேணும்னா பண்ணேன்னு கேட்டான் ஒரு ஃப்ரெண்டு. கிளையைப் போட்டது வேணும்னு இல்லதான். வாயைத் திறக்காம நின்னது வேணும்னுதானே? கந்த சஷ்டி கவசம் தினமும் சொல்றேன். அந்த வாரம் ஒரு தடவைகூட முழுசா முடிக்க முடியல.

பதினோரு நாள் கழிச்சுப் போய்ச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அன்னிக்கே சொல்லியிருந்தா மத்த ரெண்டையும் கட்டிப் போட்டிருப்பேன்ல? அதுகளும் பகலெல்லாம் அந்தப் பக்கம்தானே மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு" அப்படின்னாங்க.

அது எனக்குத் தோணவே இல்லை. ராத்திரி யாரும் பார்க்காம பொறுக்கிப் புதைச்சதைப் பெரிய பரிகாரமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பகல் முழுக்க ரெண்டு ஆடு அங்க நின்னிருக்கு.

குட்டிக்கு ஆன பணத்தைக் குடுத்தேன். வேண்டாம்னு சொல்லல, எண்ணிப் பார்த்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை, எப்பவும் போல, அவங்க வீட்டு முருகனுக்குப் பூ கேட்டு சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்னாங்க. ஒரு இலை இல்லாம பறிச்சுக் குடுத்தேன்.

"நாளைக்கு மாலையைக் கழட்டினதும் கூப்பிடுறேன், நீயே வந்து வாங்கிட்டுப் போயிடு தம்பி. எங்க வாசல்ல கிடக்கக் கூடாது" அப்படின்னாங்க.

இப்பெல்லாம் புதன்கிழமை காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அது ஒரு வேலை.

வேலும் மயிலும் துணை.