பூச்சுக்கு அடியில்

பிறர் கண்ணில் படாத வேலையையும் செம்மையாகச் செய்யும் கடமை நமக்கு உண்டா? உண்டு என்று உடனே சொல்லிவிடுவோம். அதற்காகும் நேரத்தையும் கூலியையும் கணக்கிடும்போதுதான் நம் விடை தடுமாறுகிறது. இதை ஒரு சிறு வேலையில் வைத்துப் பார்ப்போம்.

இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பரில் உலகைச் சுற்றப் புறப்பட்டு, 2018 மே மாதம் கோவா திரும்பினர். 2024 அக்டோபரில் அதே படகில் இருவர் புறப்பட்டு, 2025 மே மாதம் மீண்டனர்; அவர்களுள் ஒருவரான ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். இத்தகைய படகுகளில், உள்ளறையில் இருப்பவருக்கும் மோதுகின்ற அலைக்கும் நடுவே சன்னலில் நிற்பவை ஒளிபுகும் ஒரு தகடும், அதைப் பற்றியிருக்கும் சட்டமுமே.

சட்டம் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அதன்மேல் பூசிய வண்ணம் வெயிலில் வெளிறிப் பொடியாய் உதிர்கிறது. விளிம்பு வழியே உப்புநீர் உள்ளே இறங்க, பூச்சு கொப்புளம்போல் எழும்புகிறது. புதிய வண்ணத்தை அதன்மேலேயே பூசிவிட்டால் அன்றைக்குச் சன்னல் புதிதாய்த் தோன்றும். ஆனால் அடியில் சிறைப்பட்ட உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சில மாதங்களில் பூச்சு மீண்டும் உரியும், உலோகம் அரித்துப்போகும்.

முறையாகச் செய்பவர் முதலில் நன்னீரால் உப்பைக் கழுவி உலர விடுகிறார். பிடிப்பற்ற பூச்சைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்க்கிறார். தேய்த்த அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்டதும் மெல்லிய படலம் படிவதால், தாமதியாமல் அதற்கென்றே உள்ள அடிப்பூச்சைப் பூசுகிறார். தகடு அக்ரிலிக் ஆனால் தின்னர் படாமல் காக்கிறார். பட்டால் மயிரிழைபோல் வெடிப்புகள் ஓடும். இவை யாவும் முடிந்த பின்னரே வண்ணம். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது அந்த வண்ணம் மட்டுமே.

இது எங்கோ நடக்கும் செய்தியன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகளைச் சீர்செய்து வண்ணம் பூசுகிறார்கள். அங்கும் சுரண்டும் வேலையே நெடியது. பூசும் வேலை குறுகியது. அங்கும் கூலி பேசும் நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது சுரண்டும் நாள்களே.

மேலோட்டமாகப் பூசிச் சென்ற தொழிலாளியைக் குறை கூறுவது நமக்கு எளிது. ஆயின் இரண்டு நாள் வேலைக்கு அரை நாள் கூலி பேசியவர் யார்? பூச்சின் நிறத்தைப் பார்த்துப் பாராட்டி, அடியில் என்ன செய்தீர் என்று ஒருமுறையும் கேளாதவர் யார்? மறைவான உழைப்புக்கு விலை தர மறுக்கும் சமுதாயம் ஏமாற்றைத் தானே கேட்டு வாங்குகிறது. வெள்ளையடித்த கல்லறையைப் பற்றி நற்செய்தியில் கேட்கும்போது, பூசியவனை மட்டும் நினைப்பது போதாது. வெண்மையோடு மனநிறைவு கொண்ட நம்மையும் நினைக்க வேண்டும்.

மறைவான உழைப்பை எண்ணும்போது, சென்னை–அரக்கோணம் இருப்புப் பாதையில் உள்ள திருநின்றவூர் நினைவுக்கு வருகிறது. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் கூறும் பூசலார் அவ்வூரினர். கோயில் எழுப்பப் பொருள் இன்றி, அவர் அதை மனத்திலேயே எழுப்பினார். நாம் கவனிக்க வேண்டியது அவர் எழுப்பிய முறையை. நினைத்த மாத்திரத்தில் கோபுரத்தைக் கண்டு மகிழ்ந்துவிட அவரால் முடியும், தடுப்பார் எவருமில்லை. அவரோ கருவிகளையும் தச்சரையும் மனத்தில் தேடி, அடித்தளமிட்டு, இரவும் உறங்காமல் படிப்படியாகக் கட்டினார். சுதைப் பூச்சு, கிணறு, மதில், குளம் என ஒன்றையும் விடவில்லை. காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னன், இறைவன் கனவில் சொன்னபடி அவரைத் தேடி வந்தபோது, ஊரில் கட்டடம் எதையும் காணவில்லை. உண்மையை அறிந்ததும் அவரை வணங்கினான்.

எவரும் காண இயலாத சுவருக்கும் அவர் அடித்தளம் இட்டார். ஒருவர் வேலையின் நேர்மையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது. பூசலாருக்குக் கூலி தேவைப்படவில்லை. படகில் உப்புத்தாள் பிடித்துக் கை தேய்ந்தவருக்குத் தேவை. அவரிடம் பூசலாரின் மனத்தை எதிர்பார்க்கும் நாம், அந்த மன்னனின் பணிவையேனும் கற்க வேண்டாமா? அடுத்தமுறை வீட்டுச் சன்னலுக்கு வண்ணம் பூச ஆள் வரும்போது, நிறத்தைப் பற்றிப் பேசுமுன் சுரண்டுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்போம். அவர் சொல்லும் நாள்களுக்கு முழுக் கூலியும் தருவோம்.